சாண்டியாகோவின் கடிகாரம்

காலை ஒன்பதரைக்கும் விடியாத ஜூன்.
புந்தா அரேனாஸில் ஜலசந்தி இன்னும் இருட்டுக்குள்.
பள்ளியின் கொதிகலன் அறையை ஒட்டி என் மேசை.
அதன்மேல் ஒரு மடிக்கணினி,
பையில் கட்டி, முடிச்சின்மேல் என் கையெழுத்து, தேதி.

"எலிசெயோதான்" என்கிறார் தலைமை ஆசிரியை மிர்த்தா,
கையுறையைக்கூடக் கழற்றாமல்.
"எட்டாம் வகுப்பு மதிப்பெண் மொத்தமும் போச்சு.
அழிந்தது நான்கு பத்துக்கு.
நான்கு பத்துக்கு அவன் அந்த அறையில் இருந்தான்.
நீ சும்மா உறுதிப்படுத்தினால் போதும், யாஸ்னா."

சும்மா உறுதிப்படுத்துவது என்றொரு வேலை இல்லை.
இதை நான் சொல்லவில்லை.
தேநீரைத் தூர நகர்த்தினேன்.
ஆறு திருகுகள். எட்டு வயதுக் கணினி;
உள்ளே, நல்லவேளை, இன்னும் சுழலும் வட்டு.

படிக்கலாம், எழுதக் கூடாது.
அந்த ஒற்றை விதிக்கென்றே ஒரு சிறு கறுப்புப் பெட்டி:
நடுவில் உட்கார்ந்து
வருகிற சொல்லை விடும், போகிற சொல்லை மறிக்கும்.
உன் வாய்க்கும் இப்படி ஒன்று வாங்கேன் என்று
முன்னொரு காலத்தில் என் கணவன் சொன்னதுண்டு.

நகல் முடிய மூன்று மணி நேரம்.
மூலத்துக்கு ஒரு முத்திரை எண், நகலுக்கு ஒன்று.
இரண்டும் ஒன்றென்று திரையே சொல்லிவிடும்.
இருந்தாலும் அறுபத்து நான்கு இடத்திலும்
விரல் வைத்துப் பார்த்தேன்.

அழித்தல் என்பது அழித்தல் இல்லை.
இயந்திரம் சோம்பேறி.
வாசலில் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றிவிட்டு
வீட்டை அப்படியே விட்டுவைக்கும்
அடுத்த குடித்தனம் வரும்வரை.

காலி என்று குறித்திருந்த இடங்களில் நடந்தேன்:
பாதி கேக் செய்முறை,
கீழ்வரிசைப் பிள்ளைகள் இல்லாத ஒரு வகுப்புப் படம்,
ஏழு முறை தொடங்கி ஏழு முறையும்
"மதிப்பிற்குரிய" என்பதோடு நின்றுபோன ஒரு கடிதம்.
என்னிடம் கேட்டது இவற்றை அல்ல.
கடந்து போனேன்.
ஏழாவதில் மட்டும் சற்று நின்றேன், ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் அந்தக் கோப்பு.
நூற்றுப் பதினொரு பெயர், ஒன்றும் சிதையாமல்.
அழிந்த நேரம், உலகக் கணக்கில்: இருபது பத்து.

இங்கே அதில் மூன்றைக் கழிக்க வேண்டும்.
கணினி நான்கைக் கழித்திருந்தது.
தலைநகரத்தில் அமைத்து அனுப்பிய கணினி;
குளிர்காலம் வந்தால் சாண்டியாகோ
கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும்.
நாங்கள் தள்ளுவதில்லை.
அந்த ஒரு மணி நேரம் எங்களுக்கு வேண்டும்,
சாயங்காலத்தில் கொஞ்சம் வெளிச்சம் பார்க்க.

ஆக, நான்கு பத்து இல்லை. ஐந்து பத்து.
வாயிற்காவலரின் நோட்டில், பனி நனைத்த பக்கத்தில்:
"பரியா, எலிசெயோ. 4.40. தம்பியோடு வெளியே."

ஐந்து பத்துக்கு உள்ளே இருந்தது யார்?
வட்டுக்கு ஆளைத் தெரியாது,
கணக்கின் பெயரைத்தான் தெரியும்.
பெயர் நிபால்தோ ஒயார்சுன், கணித ஆசிரியர்.
ஐந்து பன்னிரண்டுக்கு ஒரு தேடல்:
அழிந்த கோப்பை மீட்ப்பது எப்படி.
மறுபடி, பிழை திருத்தி.
மறுபடி, அவசரம் என்று சேர்த்து.
பிறகு பத்தொன்பது நிமிடம் எதுவுமே இல்லை.
பிறகு அணைத்திருக்கிறது.

அந்தப் பத்தொன்பது நிமிடத்தை
என் கருவி எதுவும் மீட்டுத் தராது.
இருட்டிக்கொண்டு வரும் அறை, விளக்குப் போடாத ஒருவர்
(போட்டிருக்கலாம், எனக்கென்ன தெரியும்),
எத்தனையாவது நிமிடத்தில்
அந்தப் பையனின் முகம் அவருக்கு நினைவு வந்தது?

அறிக்கையில் நேரங்களை எழுதினேன்,
கணக்கின் பெயரை, முத்திரை எண்களை.
"தவறுதலாக" என்று எழுதி அழித்தேன்.
"தெரிந்தே" என்று எழுதி, அதையும்.
என் கணினியிலும் அவை எங்கேயாவது கிடக்கும்.

மிர்த்தா இரண்டு முறை படித்தார்.
"ஒரு மணி நேரம்தானே வித்தியாசம்" என்றார்.
ஆமாம் என்றேன்.

எலிசெயோவை வீட்டுக்கு அனுப்பி மூன்று நாள்.
அதை எந்த ஊர்க் கடிகாரத்தில் கழிப்பது என்று
அவரும் கேட்கவில்லை, நானும்.